சுவரைப் பார்த்துப் பேசுற தொழில்

வாங்க சார், வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. மாடி வீடு பார்க்க வந்தவர்தானே? ஓனர் காலையிலயே போன் பண்ணிட்டாரு, குழந்தை குட்டிக்காரருன்னு. சாவி எங்கிட்டதான் இருக்கு. கீழ் வீட்டுல பதினோரு வருஷமா நான்தான் குடியிருக்கேன். உட்காருங்க. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும், ஆனா நிக்காது. என்ன கேட்டீங்க, தண்ணி வருமாவா?

இது வரைக்கும் எட்டு பேரு வந்து பார்த்துட்டாங்க சார், எட்டு பேரும் முதல்ல இதைத்தான் கேட்டாங்க. காத்து வருமா, கொசு இருக்குமா, கீழ இருக்கிறவன் எப்படிப்பட்டவன்னு ஒருத்தராவது கேக்கணுமே. சரி, சொல்றேன். ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா இந்தத் தண்ணி விஷயத்துல நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதுக்கு என்னென்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். அதைக் கேட்டுட்டு அப்புறம் மாடிக்குப் போங்க. குடிக்க ஒரு டம்ளர் குடுத்திருப்பேன். ரமணி வந்துரட்டும். ரமணின்னா என் வீட்டுக்காரம்மா. வெளிய போயிருக்கா.

என் பேரு எத்திராஜ். சினிமாவுல இருக்கேன். முகத்தை உத்துப் பார்க்காதீங்க, முகம் வராது. குரல் மட்டும். டப்பிங்தான், ஆனா ஹீரோவுக்கும் வில்லனுக்கும் பேசுறவங்க இருக்காங்களே, அது தனிக் குரல், அது வேற. நான் குரூப் வாய்ஸ். கோர்ட்ல ஜட்ஜ் தீர்ப்பு சொன்னதும் சலசலன்னு ஒரு சத்தம் வருமில்ல, அது நாங்க. மாப்பிள்ளை ஓடிட்டான்னு தெரிஞ்சதும் மண்டபமே குசுகுசுன்னு பேசுமில்ல, அதுவும் நாங்கதான். ஷூட்டிங்ல நிக்கிற ஜனம் வாயை அசைச்சிட்டு சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிட்டுப் போயிடும். சத்தம் போடுறது அப்புறமா, ஏசி ரூமுக்குள்ள, ஆறு பேரு.

ஆறு பேரு ஐயாயிரம் பேரா கேக்கணும்னா சும்மாவா? ரெண்டு பேரு மைக்குக்குப் பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேரு நடந்துகிட்டே பேசுவாங்க. மிச்ச ரெண்டு பேரு மைக்குக்கு முதுகைக் காட்டிட்டு, சுவத்தைப் பார்த்து நின்னு பேசணும். சுவத்துல பட்டு வர்ற குரல் இருக்கு பாருங்க, கூட்டத்துக்குக் கடைசியில எங்கயோ நிக்கிறவன் குரல் மாதிரியே வரும். இருபத்திரெண்டு வருஷமா நான் சுவரு. அந்த இடத்துக்கு என்னை விட்டா ஆள் கிடையாது. நான் சொல்லலை, எங்க குரூப் லீடர் ஜார்ஜ் மாணிக்கம் அண்ணனே சொல்லுவாரு.

அவரு முதல் நாளே சொல்லிக் குடுத்தது ஒண்ணுதான். "எத்திராஜு, சத்தம் கேக்கணும், வார்த்தை புரியக் கூடாது. புரிஞ்சா அது டயலாக். டயலாக்குக்கு வேற ஆளு இருக்கான்."

அப்ப என்னத்தைப் பேசுறதுன்னு கேப்பீங்க. வெறும் லபலபன்னு கத்தினா பொய்யா இருக்கும் சார், கேக்கிறவன் காது கண்டுபிடிச்சிரும். நிஜமாவே பேசணும். அதனால அவங்கவங்க வீட்டு விஷயத்தைப் பேசுவோம். எங்க குரூப்ல ஹேமாவதின்னு ஒரு அம்மா. ஒரு ராஜா கதை சீரியல், பட்டாபிஷேகக் காட்சி. சபையே வாழ்த்துது. நடுவுல அந்தம்மா பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வத்தக்குழம்பு சொல்லிக் குடுத்துட்டு இருக்கு. "புளியைக் கெட்டியாக் கரைச்சுக்கோ." டிவியில பார்த்தா அப்படியே மந்திரி பிரதானிங்க பேசுற மாதிரி கம்பீரமா இருந்துச்சு. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை முடிவானதே ஒரு கப்பல் முழுகுற காட்சியிலதான். ஜார்ஜ் அண்ணன் அவருக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனைப் பத்திச் சொல்றாரு, நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டே ஜாதகம் கேக்கிறேன். ஆளுங்க தண்ணிக்குள்ள போறாங்க. நல்லாத்தான் இருக்காங்க இப்ப, ஆவடியில.

ஆக, எனக்கு மனசுல இருக்கிறதெல்லாம் அந்தச் சுவத்துக்கிட்ட சொல்லிப் பழக்கம். வீட்டுல ரமணி சொல்லுவா, "என்ன முணுமுணுக்குறீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க"ன்னு. அவளுக்குத் தொழில் புரியாது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் சார். தனிக் குரல் கார்டு. எங்க சங்கத்துல ரெண்டு கார்டு. குரூப் கார்டு பச்சை, தனிக் குரல் கார்டு சிவப்பு. பச்சையில இருந்து சிவப்புக்குப் போகணும்னா ஒரு டயலாக், ஒரே ஒரு வரி, நீங்க மட்டும் பேசி, அது வெளியாகி ஜனங்க கேட்டிருக்கணும். அப்புறம் கமிட்டி கேட்டு, சரின்னு சொல்லணும். இருபத்திரெண்டு வருஷத்துல எனக்கு ஒரு வரி கிடைக்கலை. ஒரு தடவை கிடைச்சுது. "ஐயா, மாடு அவுத்துக்கிச்சுங்க." மைக்குக்கு முன்னாடி தனியா நிக்க வச்சாங்க. சுத்தி யாருமில்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. பதினாலு டேக். கடைசியில டைரக்டரு, மாடு அவுத்துக்கிட்டது பார்க்கிறவங்களுக்கே தெரியுது, சொல்ல வேணாம்னுட்டாரு.

அன்னிக்கு நான் அழுதேன் சார். மறைக்க என்ன இருக்கு.

இப்ப தண்ணிக்கு வர்றேன். இந்தப் பொன்னப்பன் தெருவுல குழாய் இருக்கு. குழாய் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு வருஷமா அதுல காத்துதான் வந்துச்சு. வாரத்துல ரெண்டு நாள் லாரி வரும். லாரி வந்தா தெருவே குடத்தோட ஓடும். எனக்கு ரெக்கார்டிங் இருக்கும், நான் ஓட முடியாது. ரமணிதான் தூக்குவா. ஒருநாள் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கவுன்சிலர் வீட்டுக்குப் போய்க் கேட்கலாம்னு முடிவு பண்ணாங்க. அப்ப கவுன்சிலர் தணிகைவேலு. நல்ல மனுஷன்தான், கேள்வி கேட்டா மட்டும் பிடிக்காது. ரமணி என்னையும் வாங்கன்னு கூப்பிட்டா. போனேன். மொத்தம் ஏழு பேரு.

ஏழு பேரு போய்க் கேட்டா எவன் சார் மதிப்பான்? நான் என்ன பண்ணேன், கேட்டுக்கு வெளிய, கடைசியா, எதுத்த வீட்டுச் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னேன். நின்னு ஆரம்பிச்சேன். என் வாழ்க்கையில நான் போட்ட நல்ல கூட்டம் அதுதான். ஏழு பேரு எழுநூறு பேரா கேட்டுச்சு. தணிகைவேலு மாடியில பனியனோட சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாராம், ஊரே திரண்டு அடிக்க வந்துருச்சுன்னு நினைச்சுட்டாரு. நாயை அவுத்து விட்டுட்டாரு.

முன்னாடி நின்னவங்களைத்தானே நாய் பிடிக்கும். ரமணி ஓடி விழுந்ததுல இடுப்புல அடி. அதுலருந்து அவளுக்குக் குடம் தூக்கினா வலி. ஆனா ஒண்ணு சொல்லணும் சார், அந்த நாயே அன்னிக்குக் கொஞ்சம் தயங்குச்சு. அவ்வளவு தத்ரூபமா இருந்துச்சு கூட்டம்.

அப்புறம் தேர்தல் வந்துச்சு. தணிகைவேலு மறுபடி நின்னாரு. எதுத்து நின்னது மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா, டியூஷன் சென்டர் வச்சிருந்தவங்க. தணிகைவேலு கூட்டத்துக்கு ஆள் வரலை. வண்டி அனுப்பிப் பார்த்தாங்க, சாப்பாடு போட்டுப் பார்த்தாங்க, சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க. அவரு ஆளு ஒருத்தரு எங்க ஜார்ஜ் அண்ணனைத் தேடி வந்தாரு. "மேடைக்குப் பின்னாடி ஒரு பந்தல் போடுறோம். நீங்க ஆறு பேரும் உள்ள நின்னு சத்தம் போடுங்க. ஸ்பீக்கரை மைதானத்துக்குக் கடைசியில கட்டிடறோம். போன்ல பார்க்கிறவனுக்குப் பின்னாடி கடல் மாதிரி ஜனம் இருக்குன்னு தோணணும்."

என்னையும் கூப்பிட்டாங்க. ரமணிகிட்ட சொன்னேன். அவ சோத்தைத் தட்டுல போட்டுட்டு உள்ள போயிட்டா. ரெண்டு நாள் பேசலை. நாயை அவுத்து விட்டவனுக்கே போய் வாழ்க போடுறானேன்னு அவளுக்கு. தொழில் வேற, தண்ணி வேறன்னு எத்தனை தடவைதான் சொல்றது? இதே ரமணிதான், நான் வில்லன் பக்கத்து ஆளா நின்னு "அடிங்கடா அவனை"ன்னு கத்தின படத்தையெல்லாம் முன்வரிசையில உட்கார்ந்து பார்த்தவ.

சாயங்காலம் அஞ்சு மணிக் கூட்டம். எதிர்ல நிஜமா உட்கார்ந்திருந்தது அறுபது பேரு இருக்கும். பந்தலுக்குள்ள நாங்க ஆறு பேரு, ரெண்டு மைக்கு. சவுண்டுக்கு டில்லிபாபுன்னு ஒருத்தன், கல்யாணக் கச்சேரிக்கு மைக் கட்டுறவன். அங்கதான் சார் முதல் தப்பு. சினிமா ஆளா இருந்தா இது நடந்திருக்காது. பந்தல்னா சுவரு கிடையாது, இல்லையா? எனக்காக ஜார்ஜ் அண்ணன் ஒரு பிளைவுட் பலகை கொண்டு வந்து நிறுத்தினாரு. அவ்வளவு மரியாதை. நான் பலகையைப் பார்த்து நின்னேன்.

ஜார்ஜ் அண்ணன் திரைச்சீலை ஓட்டை வழியா மேடையைப் பார்த்துக்கிட்டு எங்களுக்குக் கை காட்டுவாரு. கையை மேல தூக்கினா ஆரவாரம். விரலை ஆட்டினா முணுமுணுப்பு. முஷ்டியை மூடினா அத்தனை பேரும் சட்டுனு நிறுத்தணும். அரை மணி நேரம் பிரமாதமாப் போச்சு. தணிகைவேலுவுக்கே நம்பிக்கை வந்துருச்சு. கண்ணைத் துடைச்சுக்கிறாராம். வர்ற சத்தம் எங்கருந்து வருதுன்னு அவருக்குத் தெரியும், அவருதான் ஏற்பாடு பண்ணாரு, இருந்தாலும் கண்ணு கலங்குது. அதான் சார் எங்க தொழில்.

அந்த வேகத்துல அவரு எழுதி வச்சிருந்ததை விட்டுட்டு சொந்தமாப் பேச ஆரம்பிச்சுட்டாரு. "எதிர்க்கட்சிக்காரங்க சொல்றாங்க இந்த வார்டுல தண்ணி வரலைன்னு. எங்க வரலை? யாருக்கு வரலை? ஒருத்தராவது இருந்தா சொல்லுங்க பார்ப்போம்."

ஜார்ஜ் அண்ணன் விரலை ஆட்டினாரு. முணுமுணுப்பு. ஆமா ஆமா, யாருமில்லைங்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. ஹேமாவதியம்மா ஏதோ ரசம் பத்தி ஆரம்பிச்சுது. நானும் வழக்கம் போல என் வீட்டு விஷயத்தை ஆரம்பிச்சேன். பத்து விநாடி. ஜார்ஜ் அண்ணன் முஷ்டியை மூடினாரு. அஞ்சு பேரும் நிறுத்திட்டாங்க. நான்தான் பலகையைப் பார்த்து நிக்கிறேனே, எனக்கு முஷ்டி எங்க தெரியும்? ஸ்டுடியோவுல கண்ணாடியில தெரியும். பிளைவுட்ல தெரியுமா? நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். அஞ்சு குரல் நின்னதும் சத்தம் குறைஞ்சிருச்சுல்ல, அந்த டில்லிபாபு, கூட்டம் குறையுதுன்னு நினைச்சு என் மைக்கை முழுசா ஏத்தி விட்டான்.

மைதானம் முழுக்க என் குரல் மட்டும். "ரெண்டு வருஷமா ஒரு சொட்டு வரலைங்க. கேக்கப் போனா நாயை அவுத்து விடுறான். என் பொண்டாட்டி இடுப்பு போச்சு. வலிக்குதுன்னு கூட சொல்ல மாட்டா, குடத்தை இறக்கி வச்சிட்டுச் சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கிறா. நான் ஒரு குடம் தூக்கினது கிடையாது. இங்க வந்து இவனுக்கே வாழ்க போட்டுட்டு இருக்கேன்."

அப்பத்தான் என்ன இவ்வளவு அமைதின்னு திரும்பிப் பார்த்தேன். ஜார்ஜ் அண்ணன் மூடின முஷ்டியை அப்படியே வாயில வச்சிட்டு நிக்கிறாரு.

வெளிய ஒரு பொம்பளை எழுந்து, "ஆமாய்யா, வரலை"ன்னுச்சு. அப்புறம் இன்னொருத்தரு. அறுபது பேரும் எழுந்துட்டாங்க. அறுபது பேரு நிஜமாக் கத்தினா எப்படி இருக்கும்னு நான் அதுக்கு முன்னாடி பக்கத்துல நின்னு கேட்டதில்லை சார். ஒரு ஒழுங்கு இல்லை. எல்லாரும் ஒரே இடத்துல நின்னு கத்துறாங்க, முன்னாடி பின்னாடி வித்தியாசமே இல்லை. வார்த்தை வேற புரியுது. நாங்க ஆறு பேரு இதை விட நல்லா பண்ணியிருப்போம்.

தணிகைவேலு வண்டியில ஏறிப் போயிட்டாரு.

வீட்டுக்கு வந்தா ரமணி வாசல்ல நிக்கிறா. அவளும் அந்த அறுபது பேர்ல ஒருத்தின்னு எனக்கு அப்பத் தெரியாது. நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டு, "அது டெக்னிக்கல் மிஸ்டேக் ரமணி"ன்னேன். அவ கிட்ட வந்தா. "கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல இன்னிக்குத்தாங்க உங்க குரலைக் கேட்டேன்"னா. கண்ணுல தண்ணி. எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கட்டின பொண்டாட்டி, பத்தொன்பது வருஷமா என் படத்தையெல்லாம் பார்த்துட்டு, இன்னிக்குத்தான் கேட்டேன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க? அப்ப அந்தக் கோர்ட்டு, அந்த முழுகுற கப்பல், அதெல்லாம் யாரு?

அதுக்கப்புறம் என் குரல் ஊர் பூரா போச்சு. யாரோ போன்ல பிடிச்சு அனுப்பிட்டாங்க. மங்கையர்க்கரசி அம்மா ஆட்டோவுல கட்டித் தெருத் தெருவா ஓட விட்டாங்க. நான் கறிகாய் வாங்கப் போறேன், பக்கத்துல ஆட்டோ போகுது, "என் பொண்டாட்டி இடுப்பு போச்சு"ன்னு. எனக்கு உடம்பு கூசிப் போச்சு சார். மூச்சு எடுத்த இடம் அத்தனையும் தப்பு. "குடத்தை"ங்கிற இடத்துல மூக்குல வேற பேசியிருக்கேன். டில்லிபாபு கொஞ்சம் சொல்லியிருந்தா இன்னொரு டேக் குடுத்திருப்பேன். ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியலை. என்னைப் பார்த்தவங்க எல்லாம் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பால் பூத்துல எனக்கு முன்னாடி நின்னவரு, நீங்க முதல்ல வாங்கிட்டுப் போங்கன்னு நகர்ந்தாரு. ரமணி தினம் எனக்கு மோர்க்குழம்பு வச்சா. ஒரு பதினஞ்சு நாள் இந்த வீடு நல்லா இருந்துச்சு, அதைச் சொல்லணும்.

மங்கையர்க்கரசி அம்மா ஜெயிச்சுட்டாங்க. எனக்கு அது முக்கியமில்லை. எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஒரு வரி கேட்டாங்களே சங்கத்துல, நான் ஆறு வரி பேசியிருக்கேன். தனியாப் பேசியிருக்கேன். வெளியாகியிருக்கு, ஊரே கேட்டிருக்கு. அந்தக் கிளிப்பை எடுத்துக்கிட்டு கமிட்டிக்குப் போனேன்.

கமிட்டிக்குத் தலைவி லலிதாங்கி அம்மா. அறுபது வயசு, கதாநாயகிகளுக்குப் பேசுறவங்க. குரலுக்கு மட்டும் வயசு பதினெட்டுலயே நின்னு போச்சு. கமிட்டியில இருந்த மூணு பேரும் கண்ணை மூடிக் கேட்டாங்க. முடிஞ்சதும் அந்தம்மா சிணுங்கிக்கிட்டே சொன்னாங்க: "குரல் நல்லாத்தான் இருக்கு எத்திராஜ். ஆனா இதுல நடிப்பு எங்க இருக்கு? இது நீங்க பேசினது. இதுக்கு எப்படிக் கார்டு குடுக்கிறது?"

நியாயம்தானே சார். எனக்கே தெரிஞ்சுது. எழுந்து வந்துட்டேன்.

மங்கையர்க்கரசி அம்மா வந்ததும் முதல் வேலையா தெரு முனையில புதுக் குழாய் போட்டாங்க. திறப்பு விழாவுக்கு என்னைத்தான் முன்னாடி நிக்க வச்சாங்க. ரிப்பன் வெட்டி, குழாயைத் திருகினாங்க. புஸ்ஸுனு காத்து. ரொம்ப நேரம் காத்து. அவங்க ஆளு ஒருத்தரு என் காதுக்கிட்ட வந்து, "அண்ணே, வீடியோ ஓடுது, தண்ணி விழுற சத்தம் மட்டும் கொஞ்சம் போட்டு விட முடியுமா"ன்னாரு. நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கில்ல? தண்ணி சத்தம் எஃபெக்ட்ஸ் ஆளுங்க வேலை. அது வேற சங்கம். அவங்க பொழப்பைக் கெடுக்கக் கூடாது.

பதவிக்கு வந்து நூறு நாள் முடிஞ்சதும் அந்தம்மாவே வீட்டுக்கு வந்தாங்க. சாதனை வீடியோ எடுக்கிறாங்களாம். "உங்க குரல் ஜனங்களுக்கு அடையாளம் தெரியும். நீங்களே ஒரு வரி சொன்னா நம்புவாங்க." ஒரு தாள் குடுத்தாங்க. அதுல எழுதியிருந்தது: "எங்க தெருவுல இப்ப தண்ணி தாராளமா வருதுங்க."

ரமணி சமையல் ரூம் வாசல்ல நின்னுட்டு இருந்தா. "வேணாங்க"ன்னா. ஒரே வார்த்தை. அவங்க போனப்புறம் கேட்டா, "அந்த வரி உண்மையா?"ன்னு. டயலாக் சார் அது. டயலாக்கை உண்மையான்னு கேட்டா என்ன பதில் சொல்றது? லலிதாங்கி அம்மா எத்தனை பேருகிட்ட உங்களைத்தான் காதலிக்கிறேன்னு சொல்லியிருப்பாங்க?

ஸ்டுடியோவுக்குப் போனேன். பதினெட்டு டேக் சார். முதல்ல வாயே வரலை. எனக்கு எதிர்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கப் பார்க்க நாக்கு சுருண்டுச்சு. ஜார்ஜ் அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு, குழாயில தண்ணி கொட்டுறதையும் ரமணி குடத்தை வச்சிட்டு நிக்கிறதையும் மனசுல கொண்டு வான்னு. கொண்டு வந்தேன். அவ சிரிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டேன். பத்தொன்பதாவது டேக். ஓகே ஆயிடுச்சு.

வீடியோ வெளியானதும் கமிட்டியில போட்டுக் காமிச்சேன். லலிதாங்கி அம்மா எழுந்து நின்னு கை தட்டினாங்க. "இதுல நடிப்பு இருக்கு எத்திராஜ்"னாங்க. இதோ பாருங்க சார் கார்டு. சிவப்பு. லேமினேட் பண்ணி வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, பரவாயில்லை.

இவ்வளவு நடந்திருக்கு, இந்தத் தெருவுல ஒருத்தன் வந்து வாழ்த்து சொல்லணுமே. அதான் சார் என் ஆத்தாமை. அந்த வீடியோ வெளிவந்த வாரம் லாரி அனுப்புற ஆபீஸ்ல யாரோ பார்த்துட்டு, பொன்னப்பன் தெருவுல தண்ணி வருதேன்னு லாரியை வேற ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? என் நடிப்பு அவ்வளவு நம்புற மாதிரி இருந்திருக்கு, அதை யோசிக்க மாட்டேங்கிறாங்க. பால் பூத்துல நான் போய் நின்னா, வரிசை அப்படியே ஒரு அடி தள்ளி நிக்குது. ரமணி இப்ப மூணு தெரு தள்ளிப் போய்ப் பிடிச்சுட்டு வர்றா. மோர்க்குழம்பு நின்னு போச்சு. பேச்சும் அளவாத்தான். பொறாமைன்னு சொல்ல மாட்டேன், கட்டின பொண்டாட்டியைப் பத்தி அப்படிச் சொல்லக் கூடாது.

கார்டு வந்து மூணு மாசமாச்சு. இன்னும் தனிக் குரலுக்கு யாரும் கூப்பிடலை. கூப்பிடுவாங்க. குரூப்ல சுவத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டாங்க, சிவப்புக் கார்டு வச்சிருக்கிறவன் அங்க நிக்கக் கூடாது, அது விதி. அதனால கொஞ்ச நாளா வீட்டுலதான் இருக்கேன்.

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். ஓனர் என்ன சொல்லச் சொல்லியிருக்காருன்னா... அதெல்லாம் எதுக்கு, நானே சொல்றேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, முகம் தெரியணும். "தண்ணி தாராளமா வருதுங்க." எப்படி இருக்கு? "தாராளமா"ங்கிற இடத்துல லேசா ஒரு சிரிப்பு வச்சேன், கவனிச்சீங்களா?

இதோ ரமணி வந்துட்டா. மெதுவா இறக்கும்மா, மெதுவா. ரமணி, சார் மாடி வீடு பார்க்க வந்திருக்காரு. அந்தச் சுவத்தைப் பிடிச்சுக்கோ, ஒரு நிமிஷம் நில்லு, அவசரமில்லை. சாருக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு. குடிங்க சார், நல்ல தண்ணி, மூணு தெரு தள்ளியிருந்து வருது. என்னம்மா? ஆமா, தண்ணி வருமான்னுதான் கேட்டாரு. சொல்லிட்டேனே.

கேட்டீங்களா சார் இவ சொல்றதை? "அவரு மூஞ்சியைப் பார்த்துக் கேக்காதீங்க, சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கச் சொல்லிட்டுக் கேளுங்க"ங்கிறா. சிரிக்கக் கூட மாட்டேங்கிறா, நிஜமாத்தான் சொல்றா. சரி ரமணி, நிக்கிறேன். எனக்கு என்ன, சுவரு புதுசா? நீங்க கேளுங்க சார். சும்மா கேளுங்க, இவ மனசு குளிரட்டும்.

"...வராதுங்க. ஒரு சொட்டு வராது. வந்துட்டு இருந்த லாரியும் என்னாலதான் போச்சு. ரெண்டு குடம் தூக்கினா ராத்திரி புரண்டு படுக்க முடியலை அவளால. அன்னிக்கு வேணாங்கன்னா, நான் கேக்கலை. இந்தச் சிவப்புக் கார்டை வச்சு ஒரு குடம் ரொப்ப முடியலைங்க. நீங்க குழந்தை குட்டியோட இருக்கிறவரு, வராதீங்க, வேற வீடு பாருங்க..."

என்ன சார், எழுந்துட்டீங்க? ஏதாவது காதுல விழுந்துச்சா? விழுந்திருக்காது. இருபத்திரெண்டு வருஷம், ஒரு வார்த்தை வெளிய புரிஞ்சதில்லை. ரமணி, நீ ஏன் அழுவுறே? சார், இந்தாங்க சாவி, மாடியைப் பார்த்துட்டுப் போங்க.